கைத்தட்டல் யார் கையில்?



யாருடைய நினைவாக இன்று இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த மூத்த தோழர் திண்டுக்கல் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்தவர். எங்கள் மன்றத்தின் தொடக்க காலக் கூட்டங்கள் அவர் வீட்டுத் திண்ணையில்தான் நடந்தன. 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது டி. செல்வராஜ் அவர்களின் ‘தோல்’ நாவலுக்கு அறிவிக்கப்பட்டபோது எங்கள் தெருக்களில் திடீரென்று அந்தப் புத்தகத்தைத் தேடினார்கள். நம் ஊர்த் தோல் ஷாப்புகளையும் அங்கே உழைத்த தலித் மக்களையும் அவர்கள் சங்கம் வைத்த கதையையும் சொல்லும் நாவல் அது. எழுதியவரும் திண்டுக்கல்லிலேயே வழக்கறிஞராக இருந்தவர். நாவல் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. விருது வந்த பிறகே நம்மில் பலர் அதைக் கையில் எடுத்தோம். விருது வராமலிருந்தால் நம் கதையை நாம் எப்போது படித்திருப்போம் என்று அன்றைக்குத் தோழர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் இன்று சினிமாவை வைத்துக் கொஞ்சம் விரிவாகப் பேச எண்ணுகிறோம். ஆண்டுதோறும் தேசிய விருதும் ஆஸ்காரும் அறிவிக்கப்படும் காலத்தில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நடக்கிறது. பெரிய பட்டியலில் இடம் பெறாத ஒரு படத்தை மக்கள் தூக்கிப் பிடிக்கிறார்கள். ‘இதை ஏன் விட்டீர்கள்?’ என்று கேட்கிறார்கள். இந்தக் குரலுக்கு வலு உண்டா? எங்கே பலிக்கிறது, எங்கே வெறும் சத்தமாகப் போய்விடுகிறது? நாம் எங்கே தவறினோம்?

ஒரு மாதத்தில் இரண்டு படங்கள்

2018 செப்டம்பர் 28 அன்று ‘பரியேறும் பெருமாள்’ வெளியானது. மாரி செல்வராஜுக்கு முதல் படம். நீலம் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனத்துக்கும் முதல் படம். அதற்கு முந்தைய நாள்தான் மணிரத்னத்தின் ‘செக்கச் சிவந்த வானம்’ பல நட்சத்திரங்களோடு வந்திருந்தது. அடுத்த வாரம் ‘96’ வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சட்டக் கல்லூரி மாணவனின் கதைக்குத் திரையரங்குகளில் எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொன்னார்கள். கருப்பி என்ற நாயைப் பற்றியும், தேநீர்க் குவளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றியும் டீக்கடையில் பேசினார்கள். வாய்வழிச் செய்தியால் அந்தப் படம் ஓடியது.

அதே அக்டோபரில் இன்னொரு படமும் திரைக்கு வந்தது. அம்ஷன் குமார் இயக்கிய ‘மனுசங்கடா’. இறந்துபோன தன் தந்தையின் உடலைப் பொதுப்பாதை வழியே எடுத்துச் செல்ல ஒரு தலித் இளைஞன் நீதிமன்றம் வரை போய் உத்தரவு வாங்கி வருகிறான். உத்தரவு கையில் இருந்தும் பாதை கிடைக்கவில்லை. தஞ்சை வட்டாரத்தில் உண்மையில் நடந்த ஒன்றை அடியொற்றிய கதை. தலைப்பு கவிஞர் இன்குலாபின் பாடலை நினைவூட்டுவது. 2017ஆம் ஆண்டு கோவா சர்வதேசத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமா பிரிவில் இடம்பெற்ற படம் அது. விழாவில் பாராட்டு கிடைத்தது. ஊரில் திரை கிடைக்கவில்லை.

இரண்டும் நம் படங்கள். ஒன்றை நாம் கைகொடுத்துத் தூக்கினோம். இன்னொன்று வந்ததும் போனதும் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆகவே ‘கவனிக்கப்படாத படம்’ என்ற சொல்லைச் சற்று நிதானமாகப் பயன்படுத்த வேண்டும். நடுவர்கள் கவனிக்காமல் விட்டவை உண்டு. திரையரங்குகள் இடம் தராதவை உண்டு. நாமே கவனிக்காமல் விட்டவையும் உண்டு.

விருது எப்படி முடிவாகிறது?

தேசியத் திரைப்பட விருதுக்கு ஒரு படத்தைத் தயாரிப்பாளர் விண்ணப்பித்து அனுப்ப வேண்டும். குறிப்பிட்ட காலண்டர் ஆண்டுக்குள் தணிக்கைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். முதலில் மண்டல அளவிலான குழுக்கள் படங்களைப் பார்த்துப் பரிந்துரைக்கும். பிறகு மத்திய நடுவர் குழு முடிவெடுக்கும். ஒரு படத்துக்கு ஏன் கொடுத்தார்கள் என்பதற்கு ஒன்றிரண்டு வரிப் பாராட்டுரை வெளியாகும். ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு ஒரு வரியும் வெளியாகாது. மக்களின் வாக்குக்கு இதில் எந்த இடமும் இல்லை.

ஆஸ்காரில் இந்தியாவின் சார்பாகப் போகும் படம் ஒன்றே ஒன்று. அதை இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு அமைக்கும் குழு தேர்ந்தெடுக்கிறது. அங்கே உலக நாடுகளின் படங்களிலிருந்து முதலில் 15, பிறகு 5 என்று சுருக்குவார்கள். இந்தியா அனுப்பியவற்றில் அந்த ஐந்துக்குள் வந்தவை ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’ ஆகிய மூன்றுதான்.

இப்படிப் போன தமிழ்ப் படங்களின் வரிசையை ஒருமுறை பார்ப்பது நல்லது. 1992இல் இந்தியாவின் சார்பாகப் போனது ‘தேவர் மகன்’. தேசிய விருதுகளில் தமிழின் சிறந்த படம் என்ற விருதும் அதற்கே கிடைத்தது. அந்தப் படமும் அதன் பாடலும் தென் மாவட்டத் திருவிழாக்களில் எப்படிப் பயன்படுத்தப்பட்டன, சேரித் தெருக்களில் அது எப்படிக் கேட்டது என்பது இந்த அவையில் இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். கலைத்திறன் அந்தப் படத்தில் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நடுவர் குழுவில் இருந்தவர்களின் காதில் அந்தப் பாடல் வெறும் பாடலாகவே விழுந்திருக்கும் என்றுதான் சொல்கிறோம். யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு படம் என்னவாகத் தெரிகிறது என்பதும் அமைகிறது.

எல்லாக் கதவும் எப்போதும் மூடியே இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. ‘விசாரணை’ தேசிய விருது பெற்று 2016இல் ஆஸ்காருக்கும் அனுப்பப்பட்டது. பூமணியின் ‘வெக்கை’யிலிருந்து உருவான ‘அசுரன்’ தமிழின் சிறந்த படமாகத் தேர்வானது. மராத்தியில் நாகராஜ் மஞ்சுளேயின் ‘ஃபான்ட்ரி’ அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதைப் பெற்றது. கதவு திறப்பதும் மூடுவதும் யார் கையில் இருக்கிறது என்பதே நம் கவலை.

நாம் தவறிய இடம்

2019 ஆகஸ்ட் 9 அன்று 66ஆவது தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டன. ‘பரியேறும் பெருமாள்’ பெயர் எதிலும் இல்லை. தமிழின் சிறந்த படமாக ‘பாரம்’ அறிவிக்கப்பட்டது. நாம் கொதித்துப் போனோம். ‘பாரமா? அது என்ன படம்? எந்தத் தியேட்டரில் ஓடியது?’ என்று கேலி பேசினோம். எங்கள் மன்றத்திலும் அப்படிப் பேசியவர்கள் இருந்தார்கள். மறைக்க வேண்டியதில்லை.

பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’ அதற்குள் திரையரங்குக்கே வந்திருக்கவில்லை. 2020 பிப்ரவரியில்தான் வந்தது. பார்த்தபோது தலைகுனிந்தோம். தென் மாவட்டக் கிராமங்களில் படுக்கையில் விழுந்த முதியவர்களைத் தலைக்கு எண்ணெய் ஊற்றிச் சாகடிக்கும் வழக்கத்தைப் பற்றிய படம் அது. நட்சத்திரம் இல்லை, பணம் இல்லை, விநியோகம் இல்லை. நாம் எதை ‘கவனிக்கப்படாத படம்’ என்று சொல்கிறோமோ அதன் இலக்கணம் முழுவதும் அதற்குப் பொருந்தியது. கவனிக்கப்படாத ஒரு படத்துக்காகப் பேசப் போய், கவனிக்கப்படாத இன்னொரு படத்தைப் பார்க்காமலேயே இழிவு செய்துவிட்டோம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பார்க்காமலேயே ஒன்றைத் தள்ளி வைப்பது என்ன என்று நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதையே நாம் செய்தால் எந்த வாயால் நடுவர்களைக் கேள்வி கேட்பது? அன்றிலிருந்து எங்கள் மன்றம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. ஒரு படத்துக்காகப் பேசலாம். பார்க்காத படத்துக்கு எதிராகப் பேசக் கூடாது.

ஜெய்பீம் என்ற சொல் உலகைச் சுற்றிய காலம்

2021ஆம் ஆண்டு நமக்கு ஒரு பெரிய ஆண்டு. ஏப்ரலில் ‘கர்ணன்’, ஜூலையில் ‘சார்பட்டா பரம்பரை’, நவம்பர் 2 அன்று ‘ஜெய்பீம்’. கடைசி இரண்டும் நேராக ஓடிடியில் வந்தன. திரையரங்கு எத்தனை காட்சி தரும் என்று காத்திருக்கத் தேவை ஏற்படவில்லை. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் இரவு ஷிப்டு முடித்து வந்த பிள்ளைகள் ஒரு செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து நான்கைந்து பேராகப் பார்த்தார்கள்.

‘ஜெய்பீம்’ படத்துக்கு ஐஎம்டிபி தளத்தில் ரசிகர்கள் வாக்களித்தார்கள். சில நாட்களிலேயே மதிப்பெண் 9.6 ஆனது. பல ஆண்டுகளாக உச்சியில் இருந்த ‘ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ படத்தின் 9.3ஐ அது தாண்டியது என்று நாளேடுகள் எழுதின. ஆதரவு திரண்ட அதே நாட்களில் எதிர்ப்பும் திரண்டது. ஒரு காட்சியின் பின்னணியில் தெரிந்த நாட்காட்டியை வைத்துச் சாதிச் சங்கம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. எனவே மக்கள் அளித்த ஒவ்வொரு மதிப்பெண்ணும் வெறும் ரசனையாக நிற்கவில்லை. ஒரு பக்கம் நிற்பதாகவும் ஆனது.

2022 ஜனவரியில் ஆஸ்கார் அமைப்பின் யூடியூப் பக்கத்தில் அந்தப் படத்தைப் பற்றிய காணொளி வந்தது. பிறகு 276 படங்கள் கொண்ட பட்டியலில் அதன் பெயர் வந்தது. ‘ஆஸ்கார் போட்டியில் ஜெய்பீம்’ என்று நம் ஊரில் போஸ்டர் அடிக்காத குறைதான். இங்கே ஒன்றை விளக்க வேண்டும். அந்த 276, போட்டியிடத் தகுதியுள்ள படங்களின் பட்டியல். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது போன்றது அது, தேர்தலில் வென்றதாகாது. பரிந்துரைகள் வெளியாவதற்குச் சற்று முன்பு ஓர் அமெரிக்க விமர்சகர் ‘ஜெய்பீம்’ பெயரைச் சொல்லி ட்விட்டரில் எழுதியதும் நம்பிக்கை இன்னும் ஏறியது. பிப்ரவரி 8 அன்று பரிந்துரைகள் வந்தன. ‘ஜெய்பீம்’ அதில் இல்லை.

அதே ஆண்டு இந்தியாவின் அதிகாரபூர்வப் படமாகப் போனது ‘கூழாங்கல்’. மதுரை மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பி.எஸ். வினோத்ராஜ் இயக்கியது. ராட்டர்டாம் விழாவில் உயர்ந்த விருதான டைகர் விருதை 2021இல் பெற்றது. கணவர் வீட்டிலிருந்து குழந்தையோடு நடந்தே திரும்பி வந்த தன் சகோதரியின் அனுபவத்திலிருந்து அந்தக் கதையை அவர் எடுத்தார். நம் ஊரிலிருந்து பேருந்தில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய அந்தக் கரட்டு நிலத்தைக் கடல் தாண்டி ராட்டர்டாம் பார்த்தது. நமக்குப் பார்க்கக் கிடைத்தது 2023 அக்டோபரில், ஓடிடியில். விருதுச் செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அன்றைக்குப் படத்தைப் பார்த்தார்கள் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

2023 ஆகஸ்ட் 24 அன்று, 2021ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகள் வந்தன. தமிழில் ‘கடைசி விவசாயி’ சிறந்த படமானது. அதில் நடித்து மறைந்த நல்லாண்டி அய்யாவுக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. இரண்டும் நியாயம். ‘ஜெய்பீம்’, ‘கர்ணன்’, ‘சார்பட்டா’ மூன்றுக்கும் ஒன்றுகூட இல்லை. நடிப்பு, ஒலி, கலை இயக்கம், வசனம் என்று இத்தனை பிரிவுகள் இருந்தும் ஒன்றிலும் இல்லை. இம்முறை நாம் ‘கடைசி விவசாயி’யை ஏசவில்லை. கேள்வியை மட்டும் கேட்டோம். பிற மொழி நடிகர்கள் சிலரும் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்கள். நான்கு ஆண்டுகளில் கற்ற பாடம் அது.

யாருடைய நண்பர்கள் வாக்காளர்கள்?

கடல் தாண்டிய ஓர் உதாரணம். 2022இல் ‘டு லெஸ்லி’ என்ற சிறிய அமெரிக்கப் படம் வந்தது. திரையரங்கில் அது வசூலித்தது சுமார் 27,000 டாலர். அதில் நடித்த ஆண்ட்ரியா ரைஸ்பரோவுக்காகப் புகழ்பெற்ற நடிகர்கள் பலர் தாங்களாகவே பேசினார்கள், திரையிடல் நடத்தினார்கள், சமூக ஊடகத்தில் எழுதினார்கள். 2023 ஜனவரியில் சிறந்த நடிகைக்கான ஐந்து பெயர்களில் அவர் பெயரும் வந்தது. யாரும் பார்க்காத படத்தை உடன்பணியாளர்கள் கண்டெடுத்த கதை என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் அதே ஆண்டு பலராலும் எதிர்பார்க்கப்பட்ட கறுப்பின நடிகைகள் வயோலா டேவிஸ், டேனியல் டெட்வைலர் இருவர் பெயரும் பட்டியலில் இல்லை. பிரச்சார முறை பற்றி அகாடமி ஆராய்ந்தது. பரிந்துரையைத் திரும்பப் பெறவில்லை.

ரைஸ்பரோ நல்ல நடிகை. அது வேறு. ஆனால் ஒரு சிறிய படத்தைக் ‘கண்டெடுப்பதற்கு’ வாக்குரிமை உள்ள நண்பர்கள் வேண்டும் என்பதையே அந்த நிகழ்வு காட்டியது. ஏராளமானோர் ‘ஜெய்பீம்’ படத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் அங்கே வாக்கில்லை.

கறுப்பின மக்கள் இதை முன்பே புரிந்துகொண்டு வேறொன்றைக் கேட்டார்கள். 2015இலும் 2016இலும் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையருக்கே போனபோது, ஏப்ரல் ரெயின் என்ற பெண் தொடங்கிய ‘ஆஸ்கார்ஸ் சோ வைட்’ என்ற ஹேஷ்டேக் பெரிய எதிர்ப்பாக வளர்ந்தது. அவர்கள் ஒரு படத்துக்கு ஒரு சிலை கேட்டு நிற்கவில்லை. வாக்களிப்பவர்கள் யார் என்று கேட்டார்கள். 2016 ஜனவரியில் அகாடமி, பெண்களும் பல இனத்தவருமான உறுப்பினர்களின் எண்ணிக்கையை 2020க்குள் இரு மடங்காக்குவதாக அறிவித்தது. பிரதிநிதித்துவம் என்ற சொல்லை அண்ணல் நமக்கு எப்போதோ தந்துவிட்டார். சட்டமன்றத்திலும் வேலையிலும் அதைக் கேட்கிற நாம், நடுவர் குழுவில் கேட்க ஏன் தயங்குகிறோம்?

படம் வென்றால் மனிதர் வென்றாரா?

‘ஜெய்பீம்’ பரிந்துரை பெறாத அதே ஆஸ்காரில் ‘ரைட்டிங் வித் ஃபயர்’ என்ற இந்திய ஆவணப்படம் பரிந்துரை பெற்றது. தலித் பெண்கள் நடத்தும் ‘கபர் லஹரியா’ என்ற செய்தி நிறுவனத்தைப் பற்றியது. சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர்கள் வாக்களித்துத் தரும் விருதையும் அது வென்றிருந்தது. ஆனால் ஆஸ்கார் மேடைக்குச் சில நாட்களுக்கு முன், அந்தப் பெண்களின் நிறுவனமே ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் நெகிழ வைக்கிறது. ஆனால் எங்கள் கதையை முழுமையாகச் சொல்லவில்லை என்பது அதன் சாரம். ஒருவரைப் பற்றிய படம் கொண்டாடப்படும்போதும் அவருக்கு மறுத்துப் பேச இடம் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள்.

நம் பக்கத்திலும் ஒன்று. ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் தந்தையாக நடித்த கூத்துக் கலைஞர் நெல்லை தங்கராஜ் அய்யாவைப் பார்த்து அழாதவர் இல்லை. படம் கொண்டாடப்பட்ட பிறகும் அவர் வறுமையில்தான் வாழ்ந்தார். அது செய்தியாக வந்த பிறகே மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமும் முயன்று அவருக்கு வீடு அமைந்தது. 2023இல் அவர் மறைந்தார். திரையில் அவருக்காகக் கைதட்டிய நாம், அவர் வீட்டுக் கூரையைப் பற்றிக் கேட்கச் சில ஆண்டுகள் ஆயின.

இன்னும் பின்னோக்கிப் போனால் பி.கே. ரோசி. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ நாயகி. நாயர் பெண்ணாக ஒரு தலித் பெண் நடித்தார் என்பதற்காகத் தாக்கப்பட்டு ஊரை விட்டே ஓடித் தமிழ்நாட்டுக்கு வந்தவர். படத்தின் பிரதி இன்று இல்லை. அதை எடுத்த ஜே.சி. டேனியல் பெயரில் கேரள அரசு விருது தருகிறது. ரோசியின் பெயரை நினைவில் ஏற்றியவர்கள் எழுத்தாளர்களும் நம் இயக்கங்களும்தான். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரிலேயே திரைப்பட விழா நடத்துகிறது. அரசு தராத இடத்தைப் பார்வையாளர்கள் தர முடியும் என்பதற்கு இதுவே சான்று.

திண்டுக்கல்லில் நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, முதல் மூன்று நாட்கள். வெள்ளிக்கிழமை வந்த படம் திங்கட்கிழமை இருக்குமா என்பதை வார இறுதிக் கூட்டம்தான் தீர்மானிக்கிறது. சிறிய படத்துக்குப் பெரும்பாலும் காலைக் காட்சிதான் தருவார்கள். மில்லிலும் பூட்டுப் பட்டறையிலும் சின்னாளபட்டித் தறியிலும் வேலை பார்ப்பவர் காலைக் காட்சிக்கு எப்படி வருவார்? முப்பது பேர் சேர்ந்து போய் மாலைக் காட்சி கேட்டால் திரையரங்கு உரிமையாளர் யோசிப்பார். அடுத்த மாதம் விருதுக்காக வருந்துவதைவிட அந்த முப்பது டிக்கெட் பெரிது.

இரண்டாவது, திரையிடல். ‘மனுசங்கடா’, பெருமாள்முருகனின் ‘வறுகறி’ கதையிலிருந்து எடுத்த ‘சேத்துமான்’, புதிரை வண்ணார் மக்களைப் பற்றிய லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’, மலக்குழி மரணத்தைப் பற்றிய ‘விட்னஸ்’. இவற்றை நிலக்கோட்டையிலும் நத்தத்திலும் ஆத்தூரிலும் எத்தனை காலனிகள் பார்த்திருக்கின்றன? உரிமையாளரிடம் முறையாக அனுமதி கேட்டு, சமுதாயக்கூடத்தில் வெள்ளைத் துணி கட்டிப் போடலாம். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்குப் பல இடங்களில் போலீஸ் தடை வந்தபோது மக்கள் இணையத்தில் பார்த்தார்கள். பார்க்க நினைப்பவருக்கு வழி இருக்கிறது.

மூன்றாவது, எழுதி வைப்பது. மதிப்பெண்ணும் ஹேஷ்டேக்கும் ஒரு வாரத்தில் மறைந்துபோகும். தேதி போட்டு எழுதிய விமர்சனம் நிற்கும். 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்குத் தமிழ்நாடு அரசின் விருதுகள் 2022 செப்டம்பரில்தான் வழங்கப்பட்டன. அத்தனை தாமதமாகவும் விருது வரும். அன்றைக்கு ஒரு படத்தை நினைவூட்ட எழுத்து வேண்டும்.

நான்காவது, கேட்பது. எந்தப் படங்கள் போட்டிக்கு வந்தன, நடுவர் குழுவில் தலித், பழங்குடி மக்களும் பெண்களும் எத்தனை பேர் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. விருது கேட்டு மனுப் போட வேண்டாம். நாற்காலி கேட்டுப் போடுவோம்.

கடைசியாக, நம் தோழரின் கேள்விக்கு வருவோம். விருது வராமலிருந்தால் நம் கதையை நாம் எப்போது படித்திருப்போம்? அன்று பதில் இல்லாமல் நின்றோம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை, அவர் திண்ணை இருந்த அதே தெருவில் ‘மனுசங்கடா’ திரையிட முயற்சி எடுத்திருக்கிறோம். அனுமதிக் கடிதம் எழுதியாயிற்று. பாய் விரித்திருப்போம். குடும்பத்தோடு வாருங்கள்.

ஜெய்பீம்.